மாப்பிள்ளை தேய்த்த டாங்கி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. என் தங்கை போனில் புலம்பியதில் கிடைத்தது. ஒரு பத்திரிகைக்குக் கதை தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்து, அதை அந்த ஆசிரியரும் நம்பி, நான் வழக்கம்போல வெறும் தாளை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவள் கூப்பிட்டாள். அவள் வீட்டுக்காரர் ஆஸ்திரேலிய ராணுவ டாங்கி ஒன்றைச் செய்ய ஆரம்பித்திருக்கிறார் என்றாள். எங்கே என்று கேட்டேன். சாப்பாட்டு மேஜையில் என்றாள்.

உடனே பேனாவை எடுத்துவிட்டேன். எழுதுகிறவன் புத்தி அப்படி. கூடப் பிறந்தவள் அழாத குறையாகப் பேசிக்கொண்டிருக்கிறாள், அண்ணன்காரன் "எவ்வளவு பெரிய டாங்கி?" என்று கேட்கிறான். ஒரு சாண் நீளம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

பிறகு அவளே கூப்பிட்டு, எழுதித் தொலை என்று அனுமதி கொடுத்தாள். ஆனால் யார் பெயரையும் போடக் கூடாதாம், ஊரைச் சொல்லக் கூடாதாம். அதைவிட முக்கியமாக, "நீ எழுதுற கதையில எல்லாம் கடைசியில யாராவது போய்ச் சேர்ந்துடறாங்க. இதுலயும் அப்படி ஏதாவது பண்ணினே, நான் உன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன்" என்றாள். ஆகவே இந்தக் கதையில் எல்லோரும் உறவுமுறை சொல்லியே நடமாடுகிறார்கள். கடைசிவரை உயிரோடும் இருக்கிறார்கள். நீங்கள் தைரியமாக உள்ளே வரலாம்.

2

முதல் வரிதான் எனக்கு எப்போதும் தகராறு. இதுவரை எழுதிப் பார்த்தவை இவை.

அந்த வீட்டில் போர் மூண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். (பொய். ஒன்றும் மூளவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை.)

ஊரில் பாதிப் பேர் வாயில் இருப்பது அவர் செய்த பல்; அவருடைய வாயில் மட்டும் (இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே மரியாதை கூடியது. அதனால் நிறுத்திவிட்டேன். நாமே எழுதி நாமே தலையாட்டினால் அந்த வரியில் ஏதோ கோளாறு இருக்கிறது.)

இரண்டாம் உலகப் போரின்போது ஆஸ்திரேலியா தன் சொந்த (இது கட்டுரை.)

சரி, ஜோடனை வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

என் தங்கையின் கணவரை நான் மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். பல்செட் செய்கிறவர். டாக்டர் இல்லை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அளவெடுத்து அச்சு அனுப்புவார்கள். அதற்குப் பொருந்துகிற மாதிரி பல்லும் ஈறும் செய்து, தேய்த்து, பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவது இவர் வேலை. வீட்டின் பின்பக்கத்து அறைதான் பட்டறை. அங்கே மெழுகு, பிளாஸ்டர், சின்னச் சின்னக் கத்திகள், ஒரு பாலிஷ் மெஷின். மனிதர் பேச்சில் படுசிக்கனம். கல்யாணமான புதிதில் இவருக்குக் கோபமா, பசியா, தூக்கமா என்று கண்டுபிடிக்க என் தங்கை ரொம்பவே சிரமப்பட்டாள்.

இவர்களுக்கு ஒரே மகள். ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கிறாள். ஒரு மத்தியானம் அவள் அம்மாவைக் கூப்பிட்டு, எனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது, கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறேன் என்றாள். பையன் அந்த ஊர்க்காரன், ராணுவப் பட்டறையில் டாங்கி ரிப்பேர் செய்கிறான். அந்த வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும், அதனால் எல்லாம் அப்பா காதிலும் விழுந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல், "டாங்கியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். கை கழுவினார். பிளாஸ்டர் காய்கிறது என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குள் போய்விட்டார்.

அம்மா அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டாள். மகளுக்கு அது போதவில்லை. அப்பா தன் வாயால் 'சரி' என்று சொன்னால்தான் நாள் குறிப்பேன் என்று நின்றாள். பிடிவாதம் எங்கள் குடும்பத்துச் சொத்து. அதற்குப் பிறகு அவள் கூப்பிடும்போதெல்லாம் அவருக்குப் பிளாஸ்டர் காய்ந்தது. ஒரு சொல், இரண்டே எழுத்து. இந்தக் கதை முழுக்க நாம் காத்திருக்கப் போவது அதற்குத்தான்.

அது வருவதற்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. பெட்டிக்குள் டாங்கி, துண்டு துண்டாக.

3

தங்கை போன் செய்த மறுநாளே போய்விட்டேன். தங்கைக்கு ஆறுதல் சொல்ல என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

மேஜையில் பாதியை டாங்கி பிடித்துவிட்டது. மாப்பிள்ளை ரெசின் என்கிற கெட்டிப் பிசினில் வார்த்த பாகங்களை ஒவ்வொன்றாகச் சோப்புத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார். அச்சிலிருந்து சுலபமாக எடுப்பதற்காகப் பூசிய பிசுக்குப் போனால்தான் பெயின்ட் ஒட்டுமாம். அது என்னுடைய நல்ல பாத்திரம் என்று தங்கை என்னைப் பார்த்துச் சொன்னாள். அவரிடம் சொல்லிப் பயனில்லை என்ற கட்டத்தை அவள் தாண்டியிருந்தாள்.

டாங்கியைத் தேர்ந்தெடுத்த கதையை அவர் சொல்லித்தான் கேட்டேன். மாடல் கடைக்காரர் முதலில் மட்டில்டாவைக் காட்டியிருக்கிறார். பிறகு செஞ்சூரியன். இரண்டும் ஆஸ்திரேலியர்கள் காட்டிலும் சேற்றிலும் ஓட்டியவை, பிளாஸ்டிக், பாகங்கள் சண்டை போடாமல் பொருந்தும், முதல்முறை செய்கிறவர்களுக்கு ஏற்றவை. மாப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அது எங்கே செய்தது என்று கேட்டிருக்கிறார். மட்டில்டா இங்கிலாந்து. செஞ்சூரியனும் அங்கேதான். பின்னால் வந்த லெப்பர்ட் ஜெர்மனி. இப்போது ஓடுகிற ஆப்ரம்ஸ் அமெரிக்கா. அந்த நாட்டிலேயே பிறந்தது ஒன்றுகூட இல்லையா என்று இவர் விடாமல் கேட்க, கடைக்காரர் ஏணி போட்டு மேல் அடுக்கிலிருந்து சென்டினலை இறக்கியிருக்கிறார்.* இது ரெசின், முதல் டாங்கிக்கு வேண்டாம் என்றும் எச்சரித்திருக்கிறார். ரெசினோடுதான் என் பிழைப்பே என்று சொல்லி இவர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மகள் பார்த்து வைத்திருக்கும் பையனின் பூர்வீகத்தை விசாரிக்க வழியில்லாத மனிதர், டாங்கியின் பூர்வீகத்தை விசாரித்திருக்கிறார்.

சிரித்து முடித்த பிறகு நேராகவே கேட்டேன்.

"மாப்ளே, சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறதை விட்டுட்டு, எதுக்கு இந்தப் பாடு?"

அவர் கழுவுவதை நிறுத்தவில்லை. "பல்லுன்னா எனக்குத் தெரியும் மச்சான். வாயைப் பார்த்தா ஆளு எப்படின்னு கொஞ்சம் சொல்லிடுவேன். இந்தப் பையன் டாங்கி ரிப்பேர் பண்றான். அதைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நாளைக்கு வந்து எதிர்ல உக்காந்தா நான் எதைப் பேசுவேன்?"

அதுவரை எனக்கு அவர்மேல் மரியாதைதான் இருந்தது. அன்றைக்குப் பிரியம் வந்துவிட்டது. அவருடைய இங்கிலீஷ் எஸ், நோ, தேங்க் யூவோடு முடிகிறது என்பதையும், பையனுக்குத் தமிழில் வணக்கத்துக்கு மேல் போகாது என்பதையும் ஞாபகப்படுத்தாமல் எழுந்து வந்தேன்.

* சென்டினல்: அறுபத்தைந்து செய்தார்கள். மூன்று கார் எஞ்சின்களை ஒன்றாகக் கட்டி ஓட்டினார்கள். ஒன்றுகூடச் சண்டைக்குப் போகவில்லை. ஒரு சினிமாவில் எதிரி டாங்கி வேஷம் போட்டதுதான் அது கண்ட போர்க்களம். முன்பக்கத் துப்பாக்கிக்கு ஒரு உறை உண்டு. அதன் வடிவத்தைப் பார்த்து என் தங்கை கேட்டதை எழுதக் கூடாது என்பதும் நிபந்தனையில் சேர்ந்துவிட்டது.

4

இந்த இடத்தில் ஒரு சிக்கல். மாப்பிள்ளை கதாபாத்திரமாகச் சரிப்பட்டு வரவில்லை. கதையில் வரும் அப்பா ஒன்று உருமவேண்டும், இல்லை உருகவேண்டும். இவர் இரண்டும் செய்யாமல் ஸ்பூன் கழுவுகிற மாதிரி டாங்கி கழுவுகிறார்.

அதனால் ஒரு வரைவில் அவரைக் கொஞ்சம் முறுக்கிவிட்டேன். மீசை வைத்தேன். "என் பொணத்து மேலதான் இந்தக் கல்யாணம்" என்று ஒரு வசனம் கொடுத்தேன். அந்த டாங்கி, மகளுக்குப் பிடித்த பையனுக்கு எதிராக அவர் தொடுத்த போர் என்பதாக ஒரு பத்தி, குறியீடு சொட்டச் சொட்ட எழுதினேன். எழுதி முடித்ததும் என் தங்கையிடம் காட்டினேன். பொணம் என்ற வார்த்தையைப் பார்த்ததுமே தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை அதை எடுத்து நிதானமாக முழுவதும் படித்தார். மீசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாலிஷ் மெஷின் ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது, நீங்கள் கதவுப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள் என்று மட்டும் திருத்தினார்.

அந்த வரைவைக் கிழித்துவிட்டேன். (கிழிக்கவில்லை. வைத்திருக்கிறேன். குறியீடு நன்றாக வந்திருந்தது.)

5

பெயின்ட் வாங்கக் கடைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். நிறம் பொருத்திப் பார்ப்பதற்காக டாங்கியின் உடம்பைத் துணியில் சுற்றி எடுத்துவந்திருந்தார். கடைக்காரர் துணியைப் பிரித்தார். விளக்கடியில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

டாங்கி பளபளவென்று இருந்தது. கல்யாண மாப்பிள்ளை சவரம் செய்துகொண்டு வந்த மாதிரி இருந்தது. எனக்கு அது அழகாகத்தான் பட்டது.

நடந்தது இதுதான். நிஜ சென்டினலின் உடம்பு முழுக்க ஒரே வார்ப்பு. உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றி எடுத்தது. அதனால் மேலெல்லாம் சொரசொரவென்று இருக்கும். அந்தச் சொரசொரப்பை அப்படியே சின்ன அளவில் கொண்டுவருவதற்கு மாடல் செய்த கம்பெனி மெனக்கெட்டிருக்கிறது. எங்கள் மாப்பிள்ளை பெட்டியைப் பிரித்துத் தடவிப் பார்த்திருக்கிறார். ஃபினிஷிங் சரியில்லையே என்று தோன்றியிருக்கிறது. யாரோ சோம்பேறி வேலை செய்திருக்கிறான், சரிசெய்துவிடுவோம் என்று முகமூடியைக் கட்டிக்கொண்டு, உப்புத்தாளில் தொடங்கிப் பாலிஷ் மெஷின்வரை கொண்டுபோய், வாயில் போட்டால் நாக்குக்கு உறுத்தாத பக்குவத்துக்கு அந்த டாங்கியைத் தேய்த்துவிட்டார். அவர் தொழிலில் சொரசொரப்பு என்றால் யாரோ ஒருவருக்கு ஈறு புண்ணாகப் போகிறது என்று அர்த்தம். வேறு எந்த மனிதரும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார். இவரால் செய்யாமல் இருந்திருக்க முடியாது.

கடைக்காரர் பண்பானவர். இதைச் சரிக்கட்ட வழி இருக்கிறது என்றார். விரிசல் அடைக்கிற புட்டிப் பசையை நீர்க்கக் கரைத்து, முடி விறைத்த பழைய டூத்பிரஷ்ஷால் தட்டித் தட்டி ஒற்றினால் சொரசொரப்பு திரும்ப வந்துவிடுமாம். டூத்பிரஷ் என்று சொன்னதும் மாப்பிள்ளை முகத்தில் ஒரு நம்பிக்கை வந்தது. தெரிந்த சாமான்.

6

நம்பிக்கை வந்ததே தவிரக் கை வரவில்லை. ஒரு பக்கம் ஒற்றுவார். காய்ந்ததும் விரல் தானாகப் போய்த் தடவும். தடவியதும் இன்னொரு கை தானாக உப்புத்தாளை எடுக்கும். நான் போகும்போதெல்லாம் டாங்கி வழுவழுவென்றே இருந்தது.

நான் அவரைக் கேலி செய்தேன். செய்துவிட்டு வீட்டுக்கு வந்து இந்தக் கதையை எடுத்துப் பார்த்தால், என் லட்சணமும் அதுவாகத்தான் இருந்தது. தேய்த்துத் தேய்த்து வரிகள் எல்லாம் வழுக்கின. தங்கையின் புலம்பல் எங்கேயோ போய்விட்டது. அதனால்தான் இப்போது நீங்கள் படிக்கிற இதில் பாதியில் விட்ட வரிகள், அடைப்புக்குறிகள், அசட்டுத்தனங்கள் எல்லாவற்றையும் அப்படியே விட்டிருக்கிறேன். இது புதுமை என்று யாராவது விமர்சகர் எழுதினால் ஆட்சேபிக்கமாட்டேன். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன், டூத்பிரஷ்ஷால் ஒற்றியதுதான்.

7

ஒருநாள் மகள் கூப்பிட்ட நேரம், நானும் அங்கே இருந்தேன். அப்பா எழுந்து பட்டறைக்குள் போனார். என் தங்கைக்கு அன்றைக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. போனை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், பிளாஸ்டர் டப்பாமேல் சாய்த்து வைத்து, உங்கப்பா டாங்கிக்கு மொட்டை போட்டு வைத்திருக்கிறார், என்னவென்று நீயே கேள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

தப்பித்துப் போக வழியில்லை. அவர்தான் தொடங்கினார். நிஜ டாங்கி எவ்வளவு சொரசொரப்பாக இருக்கும், போட்டோவில் தெரியவில்லை என்றார். அந்த மத்தியானத்துக்குப் பிறகு அப்பா மகளிடம் பேசிய முதல் வாக்கியம் அது. மகள் விசாரித்துச் சொல்கிறேன் என்றாள்.

அவள் விசாரிக்கவில்லை, நேரில் போய்விட்டாள். பையன் வேலை செய்யும் இடத்துக்குக் கொஞ்ச தூரத்தில் பழைய ராணுவ வண்டிகளை, ஒரு சென்டினல் உட்பட, நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். தொடாதீர்கள் என்று பலகை இருந்ததாம். பையனுக்குத் தெரிந்த காவலாளி ஒருவர் அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டாராம். பிறகு அவள் அம்மாவைக் கூப்பிடாமல் நேராக அப்பாவையே கூப்பிட்டாள்.

"கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டேன்பா. மணல் மாதிரி இல்ல. பிளாஸ்டர் பாதி காய்ஞ்சப்புறம் மேல விரலை வெச்சு எடுப்பீங்கல்ல, அப்ப லேசா மேடும் பள்ளமுமா நிக்கும். அந்த மாதிரி. ஆனா எல்லா இடத்துலயும் ஒண்ணா இல்ல. முன்னாடி ஜாஸ்தி, பக்கவாட்டுல கம்மி."

"ஓரத்துல?"

"ஓரத்துல மழுங்கியிருக்கு."

இப்படியே வெகுநேரம் போயிற்று. பீரங்கி இருக்கும் மேல்கூடு எப்படி, மூடி எப்படி, கை படாத உள்மூலை எப்படி. கல்யாணத்தைப் பற்றி மூச்சில்லை. என் தங்கை வாசற்படியில் நின்று, சொல்லுங்க, அதைச் சொல்லுங்க என்று கையால் ஜாடை காட்டிக்கொண்டே இருந்தாள். அவர் பார்க்காத மாதிரி இருந்தார். கடைசியில் பிளாஸ்டர் காய்கிறது என்றார். அன்றைக்குப் பட்டறையில் பிளாஸ்டரே கலக்கவில்லை.

ஆனால் அன்று சாயங்காலமே டூத்பிரஷ்ஷை எடுத்தார். மகள் சொன்ன கணக்குப்படி முன்னால் அதிகம், பக்கத்தில் குறைவு. ஒற்றி முடித்துக் காயவைத்தார். கையில் எடுத்துப் பார்த்தேன், உண்மையாகவே இரும்பு போலிருந்தது.

(இந்த இடத்தில் கதையை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். தகப்பனும் மகளும் பேசிவிட்டார்கள், டாங்கியும் தேறிவிட்டது, என்னிடமும் ஒரு நல்ல கடைசி வரி கைவசம் இருந்தது. பத்திரிகைக்கு அனுப்ப உறையில்கூடப் போட்டுவிட்டேன். அடுத்த வாரம் தங்கை வீட்டுக்குப் போனால், டாங்கி மறுபடி வழுவழு.)

கேட்டதற்கு, கொஞ்சம் கூடிப்போயிற்று என்றார். மறுபடி ஒற்றினார். மறுபடி தேய்த்தார். அப்போதுதான் எனக்கு முதல்முறையாக, இது வெறும் தொழில் பழக்கம்தானா என்று சந்தேகம் வந்தது.

8

மகளும் அந்தப் பையனும் விடுமுறையில் வந்து இறங்கினார்கள். பையன் நல்ல உயரம். என் தங்கை அவனுக்கு டாங்கிக்காரன் என்று பெயர் வைத்திருந்தாள், வந்த அன்றைக்கே அது டாங்கிக்காரர் ஆகிவிட்டது. வணக்கம் சொன்னான். எல்லோருக்கும் சொன்னான், கதவைத் திறந்துவிட்ட பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொன்னான். மாப்பிள்ளை அவனைப் பார்த்து எஸ் என்றார்.

மறுநாள் காலை பட்டறையில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். டாங்கி மேஜைமேல் மொழுமொழுவென்று கிடந்தது. பையன் அதைக் கையில் எடுத்தான். விரல்களில் எண்ணெய்க் கறுப்பு நிரந்தரமாக ஏறியிருந்தது. அடிப்பக்கம் பார்த்தான், சக்கரம் பார்த்தான், மேலே தடவினான், சிரித்தான். பிறகு புட்டிப் பசையையும் டூத்பிரஷ்ஷையும் காட்டி, செய்யட்டுமா என்று கண்ணால் கேட்டான். மாப்பிள்ளை தலையசைத்தார். பையன் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒற்ற ஆரம்பித்தான். நல்ல கை. மாப்பிள்ளைக்கே பிடித்துவிட்டது என்று அவர் கழுத்தை நீட்டிப் பார்த்ததிலிருந்து தெரிந்தது.

ஒரு பக்கம் முடிந்து காய்ந்தது. மாப்பிள்ளையின் கை மெல்லப் போய் உப்புத்தாளை எடுத்தது. மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கப்பா. நல்லாத்தான் இருக்கு."

"முடிஞ்சிடுமே" என்றார்.

"முடிஞ்சா என்ன?"

அவர் உப்புத்தாளைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "முடிஞ்சா இவன்கூட உக்காந்து பேசணும். பேசினா பிடிச்சிடும். இப்பவே பிடிச்சிருச்சு. அப்புறம் சரின்னு சொல்லணும். சொல்லிட்டா நீ அங்கேயே இருந்துடுவே."

"நான் அங்க போயே மூணு வருஷம் ஆச்சேப்பா."

"அது வேலைக்குப் போனது. வேலைக்குப் போனவங்க திரும்பி வருவாங்க."

"அதுக்குத்தான் தேய்ச்சுக்கிட்டே இருந்தீங்களா?"

"பாதி அதுக்கு. பாதி நெஜமாவே கைப்பழக்கம்."

பையன் பிரஷ்ஷைப் பிடித்தபடி எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது, நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. யாரும் அவனுக்கு மொழிபெயர்க்கவில்லை, பாவம்.

மகள் அப்பாவின் கையை விடவில்லை. "நான் திரும்பி வரமாட்டேன்பா" என்றாள். "வருஷா வருஷம் வருவேன். வந்து இருந்துட்டுப் போவேன். ஆனா அது வேற. உங்ககிட்ட பொய் சொல்ல எனக்கு வரல."

"தெரியும்" என்றார் மாப்பிள்ளை. உப்புத்தாளை மேஜைமேல் வைத்தார். இன்னொரு முக்காலியை எடுத்துவந்து பையனுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். என் தங்கை சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. எழுத்தாளன் என்று பெயர்.

அதன்பிறகு அந்த விடுமுறை முழுக்க இருவரும் பட்டறையில்தான். ஒருவர் தமிழில் சொல்ல, மற்றவர் இங்கிலீஷில் பதில் சொல்ல, இரண்டு பேருக்கும் புரிந்தது. சங்கிலிப் பட்டையைக் கண்ணி கண்ணியாகக் கோத்தார்கள். காக்கிப் பச்சையை நீர்க்கக் கலந்து, ஒரு பூச்சு காய்ந்ததும் அடுத்த பூச்சு கொடுத்தார்கள். டாங்கி முடிந்துவிட்டது. தேய்க்க இனி ஒன்றும் இல்லை.

'சரி' மட்டும் வரவில்லை. மகளும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. நாளும் குறிக்கவில்லை.

9

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் இருப்பவற்றைக் காட்டுகிறேன்.

ஒன்றில் அவர் 'சரி' என்கிறார், எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். இது தங்கைக்குப் பிடித்தது. இன்னொன்றில் அவர் கடைசிவரை சொல்வதில்லை, விமானம் மேகத்துக்குள் மறைகிறது, அவர் பட்டறைக்குப் போய்ப் பிளாஸ்டர் கலக்கிறார். இது எனக்குப் பிடித்தது, ஏனென்றால் நான் இப்படித்தான் எழுதிப் பெயர் வாங்கியிருக்கிறேன். மூன்றாவதில் அவர் டாங்கியைத் தூக்கி (வேண்டாம். எவ்வளவு வேலை செய்திருக்கிறார்கள்.)

இன்றைக்கு அவர்கள் ஊருக்குக் கிளம்புகிறார்கள். காலையில் மாப்பிள்ளை இந்தத் தாள்களை வாங்கி, எட்டாவது பகுதிவரை படித்தார். இந்தத் தடவை எந்தச் சாமானும் இடம் மாறியிருக்கவில்லை. தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

"கடைசியில நான் சொல்லிடறேனா மச்சான்?"

இன்னும் எழுதவில்லை என்றேன்.

"நானும் எத்தனையோ தடவை வாயைத் திறந்துட்டேன். வரமாட்டேங்குது. நீங்க எழுதிடுங்க. நீங்க எழுதினதை அவகிட்ட அப்படியே படிச்சுக் காட்டிடறேன். படிக்கறதுன்னா எனக்கு முடியும்."

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்காக இதுகூடச் செய்யமுடியாதா? இத்தனை பக்கம் வளவளவென்று எழுதியவனுக்கு இரண்டு எழுத்து ஒரு பெரிய காரியமா? ஆனால் பேனா தாளில் வைத்த இடத்திலேயே நிற்கிறது. அவள் என் தங்கை மகள். நான் தூக்கி வளர்த்த பெண். மாமா, நீங்க எழுதுறதுல ஒண்ணுகூடச் சிரிப்பாவே இல்லையே என்று எனக்கு முதல் விமர்சனம் சொன்னவள். இதை எழுதினால் அவள் போய்விடுவாள் என்று தெரிந்துகொண்டே எழுத எனக்கும் மனசு வரவில்லை. ஊரான் வீட்டுப் பெண் என்றால் எப்போதோ எழுதியிருப்பேன்.

உங்களுக்கு அவள் ஊரான் வீட்டுப் பெண்தானே. உங்களால் சுலபமாக முடியும். அந்த இரண்டு எழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

(              )

கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். பெட்டிகளை வண்டியில் ஏற்றியாகிவிட்டது. அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்துகொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை என் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.